நீர்-கண் என்றால் கண்ணீர்: வியட்நாமியச் சொற்கள் சேரும் விதம்

வியட்நாமிய மொழியில் தண்ணீருக்கு ‘நுவொக்’, கண்ணுக்கு ‘மத்’. ‘நுவொக் மத்’ என்றால் கண்ணீர். தமிழும் இதே இரண்டையும் வைத்துத்தான் அந்தச் சொல்லைக் கட்டியிருக்கிறது, வரிசை மட்டும் தலைகீழ். கல்லுக்கு ‘தா’; ‘நுவொக் தா’ என்றால் ஐஸ்.

புதிதாகக் கற்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்பேன். அந்த மொழியில் ஓர் அசை பெரும்பாலும் தனக்கென ஒரு பொருள் உள்ள துண்டு. ‘மய்’ என்றால் இயந்திரம். ‘பய்’ பறப்பது, ஆகவே ‘மய் பய்’ விமானம். ‘தின்’ கணக்கிடுவது, ‘மய் தின்’ கணினி. ‘ஸெ’ என்றால் வண்டி. ‘ஸெ மய்’ மோட்டார் சைக்கிள். மிதிப்பதைக் குறிக்கும் ‘தாப்’ சேர்ந்தால் ‘ஸெ தாப்’, அதாவது சைக்கிள். ஐந்து துண்டுகளில் நான்கு வாகனம், கருவிப் பெயர்கள் கிடைத்துவிட்டன.

இது ஏன் மனதில் தங்குகிறது? ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து, 1885-இல் வெளியிட்டார். அதே நீளமுள்ள கவிதைக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உழைப்பே அவருக்குப் போதுமாக இருந்தது. தனியாக வரும் ‘மய்’ நம் காதுக்குப் பொருளற்ற அசைதான். விமானத்திலும் கணினியிலும் மோட்டார் சைக்கிளிலும் அது திரும்பத் திரும்ப வரும்போது, ஒவ்வொரு புதுச் சொல்லும் பழையதை நினைவுக்கு இழுத்து வருகிறது. அதனால் அகரவரிசைப் பட்டியலைவிட, ஒரே துண்டைச் சுற்றியுள்ள சொற்களை ஒன்றாகப் படிப்பதே நல்லது.

ஒரு சிக்கல் உண்டு. வியட்நாமிய மொழியின் சொந்தச் சொற்களில் முதன்மைப் பொருள் முன்னால் வரும், விளக்கும் சொல் பின்னால் வரும். ஆனால் சீனர்கள் ஆண்ட சுமார் ஆயிரம் ஆண்டுகளிலும் அதற்குப் பின்னும் ஏராளமான சீனச் சொற்கள் வந்து சேர்ந்தன. அவை சீன வரிசையையே வைத்திருக்கின்றன. ‘தாய்’ பெரிய, ‘ஹொக்’ கல்வி. ‘தாய் ஹொக்’ பல்கலைக்கழகம். ‘வன்’ எழுத்து, ‘வன் ஹொக்’ இலக்கியம். இங்கே வரிசை தமிழைப் போலவே இருப்பதால் நமக்கு இது சுலபம்.

சரி, தொனிக்கு வருவோம். ஹனோய் பேச்சில் ஆறு தொனிகள். ‘ம’ என்ற ஒரே அசை, குரல் சமமாக நின்றால் பேய், தாழ்ந்தால் ‘ஆனால்’, ஏறினால் அம்மா அல்லது கன்னம், அடியில் சட்டென அடைபட்டால் நாற்று. தமிழிலும் குரல் ஏறி இறங்குகிறது, ஆனால் கேள்வி, வியப்பு, கோபம் காட்டவே. அதனால் நம் மூளை அதைச் சொல்லின் பகுதியாகச் சேமிப்பதில்லை. கேள்வி கேட்கும் பழக்கத்தில் கடைசி அசையை உயர்த்தினால் சொல்லே மாறிவிடலாம். ஆம்-இல்லை கேள்விக்கு அவர்கள் வாக்கியக் கடைசியில் ‘கோங்’ என்ற சொல்லைச் சேர்க்கிறார்கள், நாம் ‘ஆ’ சேர்ப்பது போல. வியட்நாமிய மொழியை லத்தீன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். அந்த எழுத்துக்களின் மேலும் கீழும் இடும் தொனிக் குறிகளை, ஜேசு சபைப் பாதிரியார் அலெக்சாந்தர் த ரோடின், 1651-இல் ரோமில் அச்சான அகராதியிலேயே பார்க்கலாம். குறி இல்லாமல் ஒரு சொல்லைக் கூட எழுதிப் பழகாதீர்கள்.

அப்புறம், தமிழருக்கு ஒரு பெரிய வசதி. ‘நான்’, ‘நீ’ என்பதற்குப் பதில் அங்கே பெரும்பாலும் உறவுமுறைதான். ‘ஆஞ்’ அண்ணன், ‘சி’ அக்கா, ‘எம்’ தம்பியோ தங்கையோ. தன்னைவிட மூத்தவரிடம் பேசும்போது ‘எம்’ என்றால் ‘நான்’. அவர் பதில் சொல்லும்போது அதே ‘எம்’ ‘நீ’ ஆகிவிடும். அப்பாவின் தம்பி ‘சூ’, அண்ணன் ‘பாக்’, தங்கை ‘கோ’. சித்தப்பாவையும் பெரியப்பாவையும் பிரித்துச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவருக்கு இதில் புதிதாகப் புரியவேண்டியது ஒன்றுமில்லை, ஒலி மட்டும்தான்.

வடக்கின் ஹனோய் பேச்சா, தெற்கின் சைகோன் பேச்சா என்பதை மட்டும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். தெற்கில் இரண்டு தொனிகள் ஒன்றாகி ஐந்தே இருக்கின்றன. பன்றிக்கு வடக்கில் ‘லொன்’, தெற்கில் ‘ஹேவ்’. ரயிலுக்குக்கூட இரு சொற்கள். முதல் சில நூறு சொற்களை ஒரே ஊர்க் குரலில் கேட்டுப் பழகினால், மற்றதைப் பின்னால் சேர்த்துக்கொள்வது கடினமில்லை.