எஸ்சுவரிக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆறு கடலில் சேரும் வாயில், கடல் ஓதம் (டைட்) ஏறி இறங்கி நன்னீரும் உப்புநீரும் கலக்கும் பகுதிதான் எஸ்சுவரி. மூலம் லத்தீன். அதில் 'ஈஸ்டுஸ்' என்றால் கொதிப்பு, பொங்குதல், கடல் ஓதம். 'பொங்குமுகம்' என்ற கலைச்சொல் இதற்கு வெகு நெருக்கம்.

தமிழில் பழைய பெயர் புகார். காவிரி கடல் புகும் இடத்துப் பட்டினத்துக்கு அதுவே ஊர்ப்பெயரும் ஆயிற்று. பாயை இறக்காமல், சரக்கையும் குறைக்காமல் 'புகாஅர்ப் புகுந்த பெருங்கலம்' என்கிறது புறநானூற்றின் 30ஆம் பாட்டு. பாரத்தோடு நுழைய வேண்டுமானால் வாய் அவ்வளவு ஆழமாக இருந்திருக்க வேண்டும்!

ஆதி ஊர்கள் ஆற்றங்கரையில் எழுந்ததற்குக் குடிநீரும் வண்டலும் காரணம் என்போம். கடலோரத்தில் மூன்றாவதாக ஒன்று சேரும்: அலையடிக்காத நிறுத்துமிடம். 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த, புதுச்சேரி அருகிலுள்ள அரிக்கமேடு, திறந்த கடற்கரையில் இல்லை. அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், வாய்க்குச் சற்று உள்ளே இருக்கிறது. ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தது அங்கேதான்.

இந்த வாய் தூர்ந்தால் துறைமுகம் போயிற்று. ஆறு கொண்டுவரும் களித்துகள்கள் உப்பு பட்டதும் ஒட்டித் திரண்டு அடியில் படியும். வெளியே, தென்மேற்குப் பருவத்தில் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டு வந்து வாயின் குறுக்கே திட்டு போடும். நம் கரையில் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட ஏறாது, அதனால் திட்டை அறுக்க மழைக்கால வெள்ளம்தான் வரவேண்டும். பெண்ணையாற்றில் அந்த வெள்ளத்தில் ஒரு பங்கைச் சாத்தனூர் அணை பிடித்துக்கொள்கிறது. தூர்வாரினால் மணல் திரும்ப வரும். கல் கொட்டித் தடுத்தால் தென்பக்கம் மணல் சேர்ந்து வடபக்கம் கரை அரிக்கும். புதுச்சேரி நகரக் கடற்கரை மணலை இழந்தது அப்படித்தான்.

புகாரை மீட்கலாமா என்றால், இன்று அதற்குக் காவல் நிலைய அர்த்தம் வந்துவிட்டது (அது வேறு வேர்ச்சொல்). கழிமுகம் பொருத்தமானது; கழி என்பது உப்பங்கழி. ஆனால் சிலர் டெல்டாவையும் கழிமுகம் என்று எழுதுகிறார்கள். டெல்டா வண்டல் படிந்த நிலம், அது வேறு. படகு போகும் வழியைக் குறிக்கும்போது, கடலூர் தேவனாம்பட்டினத்தில் சொல்வதுபோல், முகத்துவாரம் என்றே எழுதலாம்.