ஆப்டிடியூட்: நாட்டமா, உளச்சார்பா, இயல்திறனா?

வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்திலும் படிப்பில் சேர்க்கும் இடத்திலும் ‘ஆப்டிடியூட் டெஸ்ட்’ என்ற பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. தமிழில் அதற்கு என்ன சொல் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கல்வியியல் பாடநூல்களில் நாட்டம். இலங்கைத் தமிழில் உளச்சார்பு. அரசுத் தேர்வுப் பாடத்திட்டத்தில் திறனறிவு. மூன்றும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

லத்தீனில் ‘ஆப்டுஸ்’ என்றால் பொருத்தப்பட்டது, இசைந்தது. அதன் வழியே பிறந்த ‘ஆப்டிடூடோ’ பொருந்தும் தன்மையைக் குறித்தது. அதே சொல்தான் இத்தாலி வழியாகச் சுற்றி வந்து ‘ஆட்டிட்யூட்’ ஆனது. ஓவியத்திலும் சிற்பத்திலும் உருவம் நிற்கும் நிலையை முதலில் குறித்து, பிறகு மனம் நிற்கும் நிலைக்கு மாறியது. தமிழில் அது மனப்பான்மை. ஒரு வயிற்றுப் பிள்ளைகளான இந்த இரண்டையும் இன்றும் பலர் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள்.

சரி, ஆப்டிடியூட் எதைச் சொல்கிறது? இதுவரை கற்றதை அளப்பது அடைவுத் தேர்வு. எது பிடிக்கும் என்று கேட்பது ஆர்வப் பட்டியல். பயிற்சி கொடுத்தால் ஒருவர் எவ்வளவு விரைவில், எவ்வளவு தூரம் தேறுவார் என்று முன்கூட்டிக் கணிக்கப் பார்ப்பதே ஆப்டிடியூட் தேர்வு. “அவளுக்குக் கணக்கு நல்லா வரும்”, “எனக்குப் பாட்டு வராது” என்று பேச்சில் சொல்கிறோமே, அந்த ‘வரும்’தான் இது. இத்தனை துல்லியமான சொல் வாயில் இருக்க, ஏட்டில் தடுமாறுகிறோம்.

நாட்டம் அழகான, பழைய சொல். நாடு என்ற வினையடியிலிருந்து வருவது. “நாட்டம் இரண்டும் அறிவுடம் படுத்தற்கு” என்று தொல்காப்பியம் சொல்லும் இடத்தில் அதற்குக் கண் என்று பொருள். இன்றோ அது விருப்பம் என்றே காதில் விழுகிறது. ஒரு பிள்ளையின் அறிக்கையில் ‘இசை நாட்டம்: குறைவு’ என்று அச்சிட்டிருந்தால், பெற்றோர் என்ன நினைப்பார்கள்? பிள்ளைக்கு இசை பிடிக்கவில்லை என்றுதானே? அந்தப் பிள்ளை நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். சுருதி வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில் மதிப்பெண் குறைந்தது, அவ்வளவே. நாட்டத்தை ஆர்வத்துக்கு விட்டுவிடுவதே நல்லது. உளச்சார்பில் உள்ள ‘சார்பு’ ஒருபக்கச் சாய்வை நினைவூட்டுகிறது. திறனறிவு ஒரு தாளின் பெயராக நிற்கும். ‘இயந்திரத் திறனறிவு’, ‘இசைத் திறனறிவு’ என்று பிரித்தால் பொருள் கலங்கிவிடும்.

என் தேர்வு இயல்திறன். ஆனால் ‘இயல்’ என்பதைப் பிறவிக் கொடை என்று படித்துவிடக் கூடாது. ஒரு கேள்வியைப் பாருங்கள்: மூன்று பற்சக்கரங்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன, முதலாவது வலஞ்சுழியாகச் சுற்றினால் மூன்றாவது எப்படிச் சுற்றும்? நடுச்சக்கரம் இடஞ்சுழி, ஆகவே மூன்றாவது மறுபடி வலஞ்சுழி. பழைய கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்த பிள்ளை இதை நொடியில் சொல்லும். பற்சக்கரத்தையே காணாத பிள்ளை விரலால் காற்றில் சுற்றிப் பார்க்கும். தாளில் தெரிவது திறன் மட்டுமா, வாய்த்த அனுபவமும் சேர்ந்தா? இந்தக் கேள்வி ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லை அசைத்தது. 1926-இல் அமெரிக்காவில் தொடங்கிய, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் பெயரில் நடு எழுத்து ஆப்டிடியூடைக் குறித்தது. 1990-களில் அதை எடுத்துவிட்டு, மதிப்பீடு என்று பொருள்படும் சொல்லை வைத்தார்கள். பிறகு அதுவும் போய், வெறும் மூன்றெழுத்தே பெயராக நின்றுவிட்டது.

கூடவே வரும் இன்னொரு சொல் நுண்ணறிவு, ஆங்கிலத்தில் ‘இன்டெலிஜென்ஸ்’. இதில் எனக்குக் குறை இல்லை. 1905-இல் பாரிசில் பினே, சிமோன் என்ற இரு உளவியலாளர்கள் அதற்கான முதல் அளவுகோலை உருவாக்கியது, பள்ளியில் தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். நுண்ணறிவை எண்ணாகச் சொல்லும் இன்றைய ஐ.க்யூ. அளவில் சராசரி 100. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். அதே வயதினரிடையே ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எடைக்கல் போல அறிவை நிறுத்துத் தருவதில்லை.

அடுத்தது ஆளுமை. ஆங்கிலத்தில் அதைக் குறிக்கும் ‘பெர்சனாலிட்டி’யின் மூலச்சொல் லத்தீன் ‘பெர்சோனா’, நாடக நடிகர் அணிந்த முகமூடி. தமிழிலோ ஆள் என்ற வேரிலிருந்தே வருகிறது. ‘கூட்டத்தில் பேசத் தயங்குவேன்’ என்ற வரிக்கு எதிரே ஆம், இல்லை என்று குறிக்கும் தாளில் சரியும் இல்லை, தவறும் இல்லை. ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதைத் தொகுத்துத் தருகிறது, அவ்வளவுதான். வேலைக்காக எழுதும்போது முகமூடி போட்டுக்கொண்டு குறிப்பவர்களும் உண்டு. அதனால் ‘ஆளுமைத் தேர்வு’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை; தேர்வு என்றால் தேறுவதும் தோற்பதும் கூடவே வந்துவிடும். ‘ஆளுமை வினாப்பட்டியல்’ என்றே எழுதலாம்.