காரை விற்றாலும் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையதுதான்

பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுக்கும் வாரத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. லோன் பேப்பர், ஆர்.சி. மாற்றம், ஷோரூமில் நீட்டுகிற இடத்தில் எல்லாம் கையெழுத்து. அந்த அவசரத்தில் பெரும்பாலானவர்கள் கேட்க மறந்துவிடுகிற தாள் ஒன்று உண்டு. பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வாங்க வேண்டிய நோ கிளெய்ம் போனஸ் கடிதம்தான் அது. கிளெய்ம் போடாமல் ஓட்டிய வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் நோ கிளெய்ம் போனஸ். எங்கள் சித்தப்பா ஆறு வருடம் ஒரு கிளெய்ம்கூடப் போடாமல் ஓட்டியவர். புதுக் காருக்கு முழுப் பிரீமியமும் கட்டி முடித்த பிறகுதான் அவருக்கு இப்படி ஒரு கடிதம் உண்டு என்றே தெரிந்தது. அவர் இழந்தது அந்த வருடத்து ஓன் டேமேஜ் பிரீமியத்தில் சரிபாதி.

முதலில் இந்தத் தள்ளுபடி எதற்குக் கிடைக்கிறது என்று பார்க்கலாம். உங்கள் பாலிசியை எடுத்துப் பிரீமியக் கணக்கைப் பார்த்தால் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று தேர்ட் பார்ட்டி: உங்கள் காரால் மற்றவர்களுக்கு நேரும் பாதிப்புக்கானது, சட்டப்படி கட்டாயம். இன்னொன்று ஓன் டேமேஜ்: உங்கள் காருக்கே வரும் சேதம், திருட்டு ஆகியவற்றுக்கானது. நோ கிளெய்ம் போனஸ் இந்த இரண்டாவது பகுதியில் மட்டும்தான் கழியும். தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஆகவே வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் போனஸ் சேர்வதே இல்லை.

எவ்வளவு கழியும்? ஒரு வருடம் கிளெய்ம் இல்லாமல் போனால் அடுத்த ரினியூவலில் 20 சதவீதம். தொடர்ந்து இரண்டு வருடம் என்றால் 25, மூன்று என்றால் 35, நான்கு என்றால் 45, ஐந்து வருடம் முடிந்தால் 50. அதற்கு மேல் ஏறாது. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் விதிகளில் எழுதப்பட்ட படிநிலை இது. 2007இல் ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கான விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகும் கம்பெனிகள் இதையே பின்பற்றி வருகின்றன. நடுவில் ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் படி ஒன்று இறங்குவதில்லை. நேராகப் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

அதே விதிகளில் உள்ள இன்னொரு வரிதான் இந்த விஷயத்தின் உயிர்: போனஸ் இன்ஷூரன்ஸ் எடுத்தவரோடு போகும், வண்டியோடும் போகாது, பாலிசியோடும் போகாது. அதாவது கவனமாக ஓட்டியது நீங்கள். அதற்கான பலனும் உங்களுக்கே. கம்பெனி மாறினாலும் சரி, கார் மாறினாலும் சரி, அது உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் தானாக வந்து சேராது. கேட்டு வாங்க வேண்டும்.

கம்பெனி மட்டும் மாறுகிறவர்களுக்கு வேலை சுலபம். கார் அதேதான், உரிமையாளரும் அதே ஆள்தான். பழைய கம்பெனி அனுப்பிய ரினியூவல் நோட்டீஸ் அல்லது போனஸ் சதவீதத்தை உறுதிசெய்யும் கடிதம், இரண்டில் ஒன்று போதும். அதுவும் கையில் இல்லையென்றால் பழைய பாலிசியின் நகலோடு ஓர் உறுதிமொழி கொடுக்கலாம்: நான் கேட்கும் சதவீதம் சரியானது, முடியும் பாலிசியில் கிளெய்ம் எதுவும் இல்லை என்று. ஆன்லைனில் ரினியூ செய்யும்போது "சென்ற வருடம் கிளெய்ம் எடுத்தீர்களா?" என்று கேட்டு ஒரு கட்டத்தில் டிக் போடச் சொல்கிறார்களே, அந்த டிக்தான் இந்த உறுதிமொழி. அதை அலட்சியமாகப் போடாதீர்கள். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சொன்னது பொய் என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பகுதியின் பலன் முழுவதும் பறிபோகும் என்பது அந்த உறுதிமொழியின் வாசகத்திலேயே உண்டு. விபத்து நடந்து கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போதுதான் பலருக்கும் இது தெரியவருகிறது. ஏஜெண்ட் "நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி அவராகவே போனஸ் போட்டுக் கொடுத்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான். முந்தைய வருடம் கிளெய்ம் வாங்கியிருந்தால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். தவறுதலாகப் போனஸ் சேர்ந்திருப்பது பாலிசி கைக்கு வந்த பிறகு தெரிந்தால், உடனே கம்பெனிக்கு எழுதி வித்தியாசத் தொகையைக் கட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

கார் மாறும்போதுதான் வேலை அதிகம், லாபமும் அதிகம். ஏன் லாபம் அதிகம் என்றால், கார் பழசாகப் பழசாக அதன் ஐ.டி.வி., அதாவது இன்ஷூரன்ஸ் கணக்கில் காரின் மதிப்பு, குறைந்துகொண்டே வரும். ஓன் டேமேஜ் பிரீமியமும் கூடவே இறங்கும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: பழைய காருக்கு ஓன் டேமேஜ் பிரீமியம் 6,000 ரூபாய் என்றால் 50 சதவீதப் போனஸின் மதிப்பு 3,000. அதே போனஸை 30,000 ரூபாய் பிரீமியம் உள்ள புதுக் காருக்குக் கொண்டுபோனால் 15,000. சதவீதம் மாறவில்லை, அது விழும் இடம் மாறிவிட்டது. கஷ்டப்பட்டுச் சேர்த்த போனஸுக்கு உண்மையான மதிப்பு வருவது புதுக் கார் வாங்கும் நாளில்தான்.

நடைமுறை இப்படி. பழைய காரை விற்றதும் உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: காரை விற்றுவிட்டேன், என் நோ கிளெய்ம் போனஸைப் புதிய காருக்கு மாற்ற வேண்டும், அதற்கான கடிதம் வேண்டும் என்று. கூடவே பாலிசி நகல், விற்றதற்கான ஆதாரம், பெயர் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்கும் ஃபார்ம் 29, ஃபார்ம் 30 நகல்கள், காரை ஒப்படைத்ததற்கான ரசீது ஆகியவற்றை வையுங்கள். பெயர் மாறிய ஆர்.சி. நகலைக் கேட்கும் கம்பெனிகளும் உண்டு. எனவே காரை ஒப்படைக்கும் முன்பே எல்லாத் தாளையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சில் ஷோரூமிலேயே பழைய காரை விடுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாவியோடு ஒரிஜினல் பேப்பர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தால், பிறகு ஒவ்வொரு தாளுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

பழைய கம்பெனி பாலிசியை ரத்து செய்யும், அல்லது வாங்கியவர் பெயருக்கு மாற்றும். உங்களுக்குப் போனஸ் சதவீதம் குறிப்பிட்ட கடிதம் தரும். அதைப் புதுக் காருக்குப் பாலிசி போடும் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். அது எந்தக் கம்பெனியாகவும் இருக்கலாம். ஷோரூமில் சொல்கிற கம்பெனியிடம்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அங்கேயே எடுப்பதாக இருந்தாலும், பிரீமியக் கொட்டேஷனில் நோ கிளெய்ம் போனஸ் என்ற வரி இருக்கிறதா, சதவீதம் சரியா என்று பணம் கட்டும் முன் பாருங்கள்.

விற்கும் தேதியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முழுதாக முடிந்த கடைசிப் பன்னிரண்டு மாதப் பாலிசியின் முடிவில் எவ்வளவு சேர்ந்திருந்ததோ அதுதான் கடிதத்தில் வரும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியில் 35 சதவீதம் கழிந்திருக்கிறது, பதினொன்றாவது மாதத்தில் காரை விற்கிறீர்கள் என்றால் 35தான் கிடைக்கும். அந்தப் பதினொரு மாதமும் கணக்கில் வராது. இன்னும் சில வாரம் பொறுத்துப் பாலிசி வருடம் முடிந்த பிறகு விற்றால் 45. அவசரம் இல்லாதவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

உடனே புதுக் கார் வாங்கவில்லை என்றால்? பயப்பட வேண்டாம். காரை விற்றவர்களுக்கு மூன்று வருட அவகாசம் இருக்கிறது. முந்தைய பாலிசி முடிந்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் புதுப் பாலிசி எடுத்தால் பழைய போனஸ் அப்படியே கிடைக்கும். இதை இன்னொரு கெடுவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காரை விற்காமல் வைத்துக்கொண்டே ரினியூவலை விட்டுவிட்டால் 90 நாள்தான். 91ஆவது நாள் போனஸ் போய்விடும். அது ஐந்து வருடச் சேமிப்பாக இருந்தாலும் அதே கதிதான்.

இந்த 90 நாள் விதியில் இப்போது புதிதாக ஒரு பள்ளம் இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஓன் டேமேஜ் பகுதியோ பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். "மூணு வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று நினைத்து முதல் வருட முடிவில் ஓன் டேமேஜை ரினியூ செய்யாமல் விட்டால், பாலிசி உயிரோடு இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் 90 நாளில் போனஸ் கரைந்திருக்கும். அதற்குள் காருக்கு ஏதாவது ஆனால் இழப்பீடும் கிடையாது. பாலிசியில் இரண்டு காலாவதித் தேதிகள் இருந்தால் இரண்டையும் காலண்டரில் குறித்துவையுங்கள்.

அப்புறம், யார் பெயரில் கார் வாங்குகிறீர்கள் என்பது. போனஸ் உங்கள் பெயரில் இருந்து, புதுக் காரை மனைவி பெயரிலோ மகன் பெயரிலோ வாங்கினால் அதை அங்கே பயன்படுத்த முடியாது. ஒரே வீடு, ஒரே டிரைவர் என்றாலும் முடியாது. புக்கிங் செய்யும்போதே இதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. இதற்கு விதிவிலக்கு ஒன்றுதான்: இன்ஷூரன்ஸ் எடுத்தவர் இறந்து, கார் அவருடைய கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரின் கைக்கு வந்தால், அவருடைய போனஸும் அவர்களுக்கே சேரும். துக்கத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

வண்டியின் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். சொந்தக் காரில் சேர்த்ததைச் சொந்தக் காருக்குத்தான் கொண்டுபோகலாம். பைக்கில் சேர்த்ததைக் காருக்கு மாற்ற முடியாது. வீட்டில் இரண்டு கார் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. பழைய காரையும் வைத்துக்கொண்டே புதுக் கார் வாங்கினால், ஒரே போனஸை இரண்டுக்கும் கேட்க முடியாது. வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள் அங்கே சேர்த்த போனஸுக்கு ஆதாரம் காட்டினால், அங்குள்ள பாலிசி முடிந்து மூன்று வருடத்துக்குள் இங்கே பயன்படுத்தலாம்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இதே விதியை மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். விற்றவரின் பாலிசியில் 50 சதவீதம் என்று அச்சாகி இருக்கலாம், அது உங்களுடையது அல்ல. கை மாறிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அப்போது விற்றவரின் போனஸுக்கும் உங்கள் தகுதிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கம்பெனி வசூலிக்கும். அது நியாயமான பணம், தயங்காமல் கட்டிவிடுங்கள். மாற்றாமல் விட்டால் தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு தொடரும், ஆனால் உங்கள் காரின் சேதத்துக்குக் கிளெய்ம் கேட்டால் நிராகரிக்க வாய்ப்பு மிக அதிகம்.

சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000, போனஸ் 50 சதவீதம் என்று கொள்வோம். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் 6,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதற்கடுத்த வருடங்களில் 3,600, 3,000, 1,800, 600. பிரீமியம் மாறாமல் இருந்தால் மீண்டும் 50 சதவீதத்தைத் தொடுவதற்குள் மொத்தம் 15,000. கார் பழசாகப் பிரீமியம் இறங்கும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறையலாம். ஆகவே பம்பர் கீறலுக்கு 5,000 ரூபாய் பில் வந்தால் கையிலிருந்து கொடுப்பதே மேல். 60,000 ரூபாய் வேலை என்றால் தாராளமாகக் கிளெய்ம் போடுங்கள், இன்ஷூரன்ஸ் இருப்பதே அதற்குத்தான். தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தரும் ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் கிளெய்ம் கிளெய்ம்தான், போனஸ் போகும். போனஸைக் காப்பதற்கென்று தனியாக ஓர் ஆட்-ஆன் விற்கிறார்கள். வருடத்துக்கு எத்தனை கிளெய்ம் வரை காக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், படித்துப் பார்த்து எடுங்கள்.

எல்லாத் தாளும் கொடுத்தும் கடிதம் தராமல் இழுத்தடித்தால், முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பேச்சில் விடாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும். பதில் சரியில்லை என்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம், 155255 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதமாகியும் பதிலே தராவிட்டாலோ, இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் அதிகாரியான இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். அதனால் அந்தக் கடிதத்தையும், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களையும் பழைய பாலிசியோடு ஒரே ஃபைலில் வையுங்கள்.