குவாரன்டைன் – தடைக்காப்பு

வெளிநாட்டிலிருந்து மாடு வாங்குபவர் அதைத் துறைமுகத்தில் இறக்கியதும் நேரே தொழுவத்துக்கு ஓட்டிப் போய்விட முடியாது. அரசின் கொட்டிலில் சில வாரம் கட்டிவைத்து, இரத்தம் எடுத்துச் சோதித்து, நோயில்லை என்று கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே விடுவார்கள். இந்த நிறுத்திவைப்புக்குத்தான் குவாரன்டைன் என்று பெயர்.

சொல் வெனிஸ் நகரத்துச் சரக்கு. அங்கே ‘குவாரன்டேனா’ என்றால் நாற்பது நாள். 1377இல் ரகூசா நகரம் (இன்று குரோவாசியாவின் துப்ரோவ்னிக்) கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோரை 30 நாள் வெளியே நிறுத்தியது. முப்பது பிறகு நாற்பதாயிற்று. பெயர் அதிலேயே நின்றுவிட்டது. இன்று எத்தனை நாள் என்பதை நாற்பது தீர்மானிப்பதில்லை. கிருமி உள்ளே புகுந்து அறிகுறி தெரிவதற்கு ஆகும் நோயரும்பு காலம் தீர்மானிக்கிறது.

மனிதருக்கு வந்த சொல் மாட்டுக்கும் வந்ததில் பெரும்பங்கு வெக்கை நோய்க்கு (ரிண்டர்பெஸ்ட் எனும் மாட்டுக் கொள்ளைநோய்) உண்டு. 1865இல் கப்பலில் வந்த மாடுகளோடு பிரிட்டனுக்குள் நுழைந்து, மந்தை மந்தையாக அழித்தது. அதன்பின் அந்நிய மாடுகளைத் துறைமுகத்திலேயே வெட்டிவிட வேண்டும் என்ற அளவுக்கு அங்கே சட்டம் இறுகியது. 1920இல் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கின. வெக்கை அங்கே பரவியது. அந்த அதிர்ச்சியில்தான் 1924இல் 28 நாடுகள் கூடி, இன்றைய உலக விலங்கு நல அமைப்பைத் தோற்றுவித்தன. அப்படியும் பிரேசிலுக்கு இந்திய மாட்டின் மீது ஆசை விடவில்லை. நெல்லூர்ப் பெயரைத் தாங்கிய ‘நெலோரே’ இனம்தான் இன்றும் அந்நாட்டு மந்தைகளில் மிகுதி. 1960களின் தொடக்கத்தில் மீண்டும் வாங்கியபோது கரைக்குக் கொண்டுபோகாமல், அட்லாண்டிக் கடலின் ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவில் நிறுத்திவைத்துச் சோதித்தார்கள்.

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம். தொற்றுநோய் தாக்கக்கூடிய கால்நடைகளின் இறக்குமதியை ஓர் அறிவிக்கை மூலம் ஒழுங்குபடுத்தவோ தடை செய்யவோ மத்திய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. 2001இல் இறைச்சி, பால் போன்ற பொருள்களும் அதன் வரம்புக்குள் வந்தன. வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்றாலும் கோமாரி இருக்கிறது, தோல் கழலை என்ற மாட்டுத் தொற்றுநோய் இருக்கிறது; சட்டத்துக்கு வேலை குறையவில்லை.

இனி தமிழுக்கு வருவோம். கொரோனா காலத்தில் ‘தனிமைப்படுத்தல்’ எல்லோர் வாயிலும் புழங்கியது. அதில் ஒரு குறை. நோய் கண்ட மாட்டைப் பிரித்துக் கட்டுவதுதான் தனிமைப்படுத்தல். குவாரன்டைனில் நிற்பவை பார்வைக்கு நலமாக உள்ளவை. மந்தையாகவே நிற்கும், தனிமை ஏது? நடுவில் புதிய மாடு ஒன்றைச் சேர்த்தால் மொத்த மந்தைக்கும் நாள்கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ‘தொற்றொதுக்கம்’ பொருளில் சரி, ஆனால் பேச்சில் நாக்கு இடறும்.

‘தடைக்காப்பு’ என்பதையே நான் தேர்வேன். போக்குவரத்துக்குத் தடை, ஊர் மந்தைக்குக் காப்பு. மேலும், மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்ற வழக்கம் பல ஊர்களில் உண்டு. அம்மைக்குரிய தெய்வத்தின் விழாவில் இப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பது தற்செயலா என்று தெரியாது. ‘காப்பு’ என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் நன்றாகவே ஒட்டுகிறது.

எழுதும்போது ‘மாடுகள் தடைக்காப்பில் உள்ளன’, ‘விலங்குத் தடைக்காப்பு நிலையம்’ என்று எழுதலாம். கொட்டிலுக்குள் ஒரு மாட்டுக்கு நோய் கண்டால், அதைப் பிரித்துக் கட்டுவதற்குத் ‘தனிமைப்படுத்தல்’ என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம்.