ரூட் என்று ஒருவர் வேலை பார்க்கிறாரா?

"சார், யார் அழிச்சதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க." இந்த வருடத்தில் மூன்றாவது தடவையாக இதே கோரிக்கை. சர்வரில் பேக்கப் வைத்திருந்த டைரக்டரி நள்ளிரவுக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. நடந்ததைப் பதிந்து வைக்கும் லாகைத் திறந்தேன். ரூட், அதாவது சர்வரில் எதையும் செய்யும் அதிகாரம் உள்ள கணக்கு, உள்ளே வந்ததாக ஒரு வரி, அவ்வளவுதான். ரூட் பாஸ்வேர்ட் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணி ஒன்பதில் நின்றார்கள். அதில் இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டவர்கள். எல்லோரும் ஒரே அலுவலக இணைப்பு வழியாக வருவதால் ஐபி முகவரியும் ஒன்றுதான். நான் என்ன, வெற்றிலையில் மை தடவியா பார்ப்பது?

ரூட்டை நேரடியாக நுழைய விடாதீர்கள், சூடோவை (ஒரு கட்டளையை ரூட் அதிகாரத்தில் ஓட்டித் தரும் நிரலை) பயன்படுத்துங்கள் என்றால் உடனே வரும் பதில்: "சூடோவில் போனாலும் கடைசியில் ரூட்தானே?" அதிகாரம் ஒன்றுதான், யார் இல்லை என்றது? ஆனால் சூடோவில் நீங்கள் உங்கள் பெயரில் நுழைகிறீர்கள். உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்கிறீர்கள். அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் ரூட் ஆகிறீர்கள். யார், எப்போது, எந்த டைரக்டரியில் இருந்து, என்ன கட்டளை என்று லாகில் விழுகிறது. ஒருவர் வேலையை விட்டால் அவர் கணக்கை மூடினால் போதும். மற்ற எட்டுப் பேருக்கும் புதுப் பாஸ்வேர்ட் சொல்லி அலைய வேண்டாம். "எங்க பாஸ்வேர்ட் இருபது எழுத்து சார்." இருக்கட்டும். ஒன்பது பேர் சாட்டில் அனுப்பிக்கொண்ட இருபது எழுத்து!

சூடோவில் ஒரு ரூட் ஷெல்லை (கட்டளைகளைத் தட்டும் இடத்தை) திறந்து நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருப்பவர்களும் இதில் சேர்த்திதான். சாதாரணமாக, ஷெல் திறந்தது மட்டுமே சூடோ லாகில் இருக்கும்.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச், 2015-இல் வந்த 7.0 பதிப்பிலேயே, ரூட் பாஸ்வேர்ட் கொடுத்து நுழைவதை இயல்பாகத் தடுத்துவிட்டது. பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்போடு வந்தால் இன்னும் விடும். அதனால் அதன் கான்ஃபிக் கோப்பில் 'பெர்மிட்ரூட்லாகின்' (PermitRootLogin) வரியில் 'நோ' என்றே போடுங்கள். ரூட் பாஸ்வேர்டைப் பூட்டிவிட்டோம், அது போதாதா என்பவர்களுக்கு: போதாது, சாவி அப்போதும் வேலை செய்யலாம்.

'நோ' போடுவதற்கு முன் உங்கள் கணக்கில் சூடோ ஓடுகிறதா என்று பாருங்கள். கான்ஃபிக் கோப்பைச் சோதித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். திறந்திருக்கும் செஷனை மூடாமல் இன்னொரு ஜன்னலில் நுழைந்து பாருங்கள், தயவுசெய்து. இதைச் செய்யாமல் தன்னையே வெளியே பூட்டிக்கொண்டு என்னை எழுப்பியவர்கள் உண்டு. மாற்றியும் பலிக்கவில்லையா? துணைக் கான்ஃபிக் கோப்புகளைப் பாருங்கள். எஸ்எஸ்எச் சர்வர் முதலில் படிக்கும் மதிப்பையே எடுத்துக்கொள்ளும், கடைசியில் நீங்கள் சேர்த்த வரியை அல்ல.

சர்வரின் சொந்தத் திரையான கன்சோலில் அவசரத்துக்கு ரூட் பாஸ்வேர்ட் தேவைப்படும். உறையில் ஒட்டிப் பூட்டி வையுங்கள். புதிதாக ஒன்றை, அந்த ஒன்பது பேருக்குத் தெரிந்ததை அல்ல.