‘என்னடா பண்ணுவே?’ என்று பிள்ளை கேட்டால்

பன்னிரண்டு வயதுப் பையன். இரவு பத்தரைக்கு அப்பா கைப்பேசியைக் கேட்டிருக்கிறார். “தர முடியாது, என்னடா பண்ணுவே?” என்றிருக்கிறான். அப்பா கையை ஓங்க, அம்மா குறுக்கே வந்து தடுத்திருக்கிறார். மறுவாரம் மூவரும் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சிங்கப்பூரில் குடும்ப ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்த ‘டா’ புதிதல்ல. திமிர், வாய்க்கொழுப்பு என்று பெற்றோர் குமுறுவார்கள். அன்று பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: அந்த நேரத்தில் உனக்கு என்ன வேண்டியிருந்தது? ஆங்கிலத்தில், பணிவாகவே பதில் வந்தது. விளையாட்டு பாதியில் நிற்கிறது, இன்னும் பத்து நிமிடம் வேண்டும். சரி, இதையே அப்பாவிடம் தமிழில் சொல் என்றேன். வாயைத் திறந்தான், மூடினான். சொல் வரவில்லை.

இங்குள்ள இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான் என்று 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் எங்கிருந்து வரும்? பள்ளியில் கட்டுரைத் தமிழ். அப்புறம் படம். ‘மாட்டேன்’ என்ற சொல்லை அவன் உயிரோடு கேட்பது படத்தில்தான். அங்கே மறுப்பவன் கதாநாயகன், எதிரில் நிற்பவன் வில்லன். வசனம் முடிந்ததும் இசை அதிரும், வில்லன் வாயடைத்துப் போவான். வீட்டில் அப்பா வாயடைத்துப் போவதில்லையே! இன்னொன்றும் உண்டு. ஆங்கில ‘யூ’ எல்லோருக்கும் ஒன்று. தமிழிலோ நீயா நீங்களா என்று வாய் திறக்கும்போதே முடிவெடுக்க வேண்டும். பழக்கமில்லாத பிள்ளைக்கு அந்த எடை தெரியாது.

திரையரங்கில் என்சி16 படத்துக்கு 16 வயது நிரம்பாதவரை விடமாட்டார்கள். வன்முறையும் கெட்ட வார்த்தையும் அந்தத் தர மதிப்பீட்டில் அடங்கும். அப்பனைப் பார்த்து ‘டா’ போடும் தொனிக்கு எந்த மதிப்பீடும் கிடையாது. அதை வீட்டில்தான் பேச வேண்டும்.

எதிர்த்துப் பேசுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. கண்ணகி பாண்டியனை ‘தேரா மன்னா’ என்றுதான் தொடங்குகிறாள். ஆனால் அதோடு நிற்கவில்லை. என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று காட்டுகிறாள். நம் பிள்ளைகளுக்கு முதல் வரி மட்டும் கிடைத்திருக்கிறது, சிலம்பு கிடைக்கவில்லை.

இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு ‘இது எதிர்ப்புக் கோளாறா?’ (ODD என்ற மனநலப் பிரச்சினை) என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குக் குறைந்தது 6 மாதம் தொடரும் கோபம், வாக்குவாதம், வன்மம் எனப் பல அறிகுறிகள் சேர வேண்டும். ஒரு ‘டா’வை வைத்து முடிவு கட்டாதீர்கள். பள்ளியிலும் இதே கதை என்றால் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள்.

அந்தப் பையனோடு உட்கார்ந்து ஒரு வரியைத் தயார் செய்தோம்: “அப்பா, இன்னும் பத்து நிமிஷம் குடுங்க, நானே வச்சிடறேன்.” நாலைந்து முறை சொல்லிப் பார்த்தான். மூன்றாம் முறை ‘குடுங்க’ சரளமாக வந்தது.

பிறகு அப்பாவிடம் திரும்பி, அன்று முதலில் என்ன சொல்லிக் கைப்பேசியைக் கேட்டீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “யார்கிட்ட மோதுறேன்னு தெரியுமாடான்னு கேட்டேன்.”

அவருக்கும் ஒரு வரி தயார் செய்ய உட்கார்ந்தோம்.