கிளினிக்குக்கு முந்திய மூன்று நாட்கள்

நீரிழிவு உள்ளவர்கள் அந்த நோயைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வருவது குறைவு. திருகோணமலையில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் என்னிடம் வருபவர்கள், நித்திரை இல்லை, பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன், பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகக்கூட மனம் வருவதில்லை என்றுதான் பேசத் தொடங்குவார்கள். எழுந்து புறப்படும் நேரத்தில், "எனக்குச் சீனியும் இருக்கு மிஸ்" என்று, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதுபோலச் சொல்வார்கள். அவர்களை மறுபடியும் உட்காரச் சொல்வது என் வழக்கம். (கீழே வரும் இருவரும் யாரென்று தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

உப்புவெளிப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, கிளினிக் நாளுக்கு முந்திய மூன்று நாட்களும் சோற்றைத் தொடமாட்டார். இரவில் பாதிக் குரக்கன் ரொட்டி, காலையில் சீனி போடாத பிளேன்டீ. நான்காம் நாள் வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் இலக்கம் நன்றாகவே வரும். கொப்பியில் அதைக் குறித்துக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்புவார். ஒருமுறை எச்பிஏ1சி என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனையும் செய்யப்பட்டபோது உண்மை வெளிவந்துவிட்டது. "ஏமாத்தப் பாக்கிறீங்களா?" என்று வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி யாரோ கேட்டுவிட, அதன் பின் இரண்டு கிளினிக்குகளுக்கு அவர் போகவே இல்லை. "அறுபது வயசில பள்ளிக்கூடத்தில அடி வாங்கின மாதிரி இருந்தது மிஸ்" என்றார்.

அவர் ஏமாற்றவில்லை, பயந்திருந்தார். எச்பிஏ1சி எதை அளக்கிறது என்பதையே அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. இரத்தத்தில் உள்ள சீனி சிவப்பணுக்களின் ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி அந்த இலக்கத்தில் தெரியும். மூன்று நாள் பட்டினியால் அதைப் பெரிதாக மாற்ற முடியாது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு: திருத்திக் காட்டப்பட்ட கொப்பியைப் பார்த்து மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் வைத்தியர் தவறான முடிவுக்கு வருவார், அதன் பாதிப்பு நோயாளியின் கண்ணிலும் காலிலும் சிறுநீரகத்திலும்தான் போய் முடியும். இதைக் கேட்டதும் அவர், "அப்ப கூடின இலக்கத்தையும் எழுதலாமா?" என்று கேட்டார். எழுதலாம் மட்டுமல்ல, எழுதத்தான் வேண்டும்.

இந்தச் சுமைக்கு உளவியலில் ஓர் இடம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பொலொன்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 1995 இல், நீரிழிவோடு வாழ்பவரின் மனக்களைப்பை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நோயைப் பற்றிய பயம், உணவு பற்றிய குற்றவுணர்வு, ஒவ்வொரு நாளும் இதையே செய்து சலித்துப்போதல் ஆகியவை மனநோயல்ல, இந்த நோயோடு சேர்ந்தே வரும் பாரம் என்பதை அது தெளிவாக்கியது. பாரம் மனதோடு நின்றுவிடுவதும் இல்லை. பயமும் கோபமும் கூடும்போது உடல் அட்ரினலின், கோட்டிசோல் ஆகிய ஹோர்மோன்களைச் சுரக்க, ஈரல் தன்னிடமுள்ள சீனியை இரத்தத்தில் விடுகிறது. ஆகவே திட்டு வாங்கிய நாளில் வீட்டில் குத்திப் பார்த்தால் இலக்கம் கூடியிருப்பதில் வியப்பில்லை.

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு மீனவரைக் "குளிசை ஒழுங்காப் போடாத ஆள்" என்றே வீட்டார் அறிமுகப்படுத்தினார்கள். தனியாகப் பேசியபோது கதை வேறாக இருந்தது. இரவுக் குளிசையைப் போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் தோணியேறிய ஓர் இரவில், கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கி, வலையைப் பிடிக்க முடியாமல் போயிருக்கிறது. அதன் பிறகு கடலுக்குப் போகும் நாட்களில் குளிசையை விட்டுவிடுகிறார். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும், சாப்பாடு தவறினால் சீனியை அளவுக்கு மேல் இறக்கக்கூடியவை; மெட்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது. நடுக்கடலில் மயங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்ட மனிதரை அக்கறையில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய தவறு ஒன்றுதான்: அந்தப் பயத்தை வைத்தியரிடம் சொல்லாதது. சொன்னபோது குளிசையும் நேரமும் மாற்றப்பட்டன. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலோ நடுக்கம் தொடங்கினாலோ மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டார். இப்போது தோணியில் ஒரு சீனிப் போத்தல் இருக்கிறதாம். நோன்பு காலத்துக்கும் இதுவே பொருந்தும்: பிடிப்பதை மறைப்பதைவிட, முன்கூட்டியே கேட்டு மருந்தை ஒழுங்குசெய்வது நல்லது.

வீட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும். கல்யாண வீட்டுப் பந்தியில், தயிர்ச் சட்டியும் பாணியும் வரும் நேரம் பார்த்து, "அப்பாவுக்கு வைக்காதேங்கோ, சீனி!" என்று மகள் சத்தம் போடுவது அன்பினால்தான். ஆனால் அந்த அப்பா அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் தனியாக இருந்து இரண்டு பணிஸ் சாப்பிடுகிறார், அதை வீட்டில் சொல்வதும் இல்லை. காவல் காப்பதை விட்டு, வீடு முழுவதும் ஒரே சமையலைச் சாப்பிட்டால் பாதிச் சண்டை குறையும்.

இன்சுலின் ஊசி என்றதும் "கடைசிக் கட்டம்" என்று அழுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டாம் வகை நீரிழிவில், ஆண்டுகள் போகப்போகக் கணையம் இன்சுலின் சுரக்கும் ஆற்றலை இழப்பது நோயின் இயல்பு. ஊசி அந்தக் குறையை நிரப்புகிறதே தவிர, நீங்கள் தோற்றுவிட்டதாகச் சான்றிதழ் தருவதில்லை.

எல்லாவற்றையும் மனக்களைப்பு என்று விட்டுவிடவும் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. களைப்பு, நித்திரைக் குறைவு, மெலிவு ஆகியவை இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் "சீனிதான்" என்று கடந்துபோய்விடுகிறோம். நான் முதலில் இரண்டு கேள்விகள் கேட்பேன்: கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? வழமையாகப் பிடித்தவற்றில் நாட்டம் இல்லாமல் போனதா? ஒன்றுக்கேனும் ஆம் என்றால், அடுத்த கிளினிக்கில் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்பும்படி நீங்களே கேட்கலாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்: தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அப்படியான நாட்களில் இன்சுலினையும் குளிசைகளையும் வீட்டில் இன்னொருவர் தன் பொறுப்பில் வைத்திருந்து, நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கட்டும்.